முதல் இன்டர்வியூ: படபடப்போடேயே பேசிப் பழகுவது எப்படி?

டிகிரி முடித்துவிட்டு முதல்முறையாகத் தனியார் வேலைக்கு இன்டர்வியூ போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ராமநாதபுரம் மாவட்டத்தில் உச்சிப்புளி, மண்டபம், தங்கச்சிமடம் பக்கத்துத் தம்பி தங்கைகள் "அக்கா, நாளைக்கு இன்டர்வியூ, கை காலெல்லாம் உதறுது" என்று ராத்திரி பத்து மணிக்கு போன் செய்கிறார்கள். அந்த நேரத்தில் சொல்லிப் புரியவைக்கக் கூடியது இல்லை இது. ரெஸ்யூமே எழுதுவது, சட்டைக்கு இஸ்திரி போடுவது, நேரத்துக்குப் போய்ச் சேருவது பற்றியெல்லாம் நான் பேசப்போவதில்லை. அது உங்களுக்கே தெரியும்.

நம் பக்கத்தில் பெரும்பாலோர் முதலில் அரசுத் தேர்வுக்குத்தான் படிக்கிறோம். மத்திய அரசில் குரூப் சி போன்ற பணிகளுக்கு 2016 ஜனவரியிலிருந்து இன்டர்வியூவே கிடையாது, எழுத்துத் தேர்வோடு சரி. ஆக, வருடக்கணக்கில் கொஸ்டின் பேப்பரோடு மட்டுமே பழகியவர், ஒரு நாள் தனியார் கம்பெனியில் மூன்று பேர் எதிரே உட்கார்ந்து வாயைத் திறக்க வேண்டியிருக்கிறது. படபடக்கத்தான் செய்யும். அதை விரட்டப் பார்க்காதீர்கள். படபடப்பு இருக்கும்போதே வாய் பேசும்படி பழக்கிக்கொண்டால் போதும். கீழே இருப்பது முழுக்க அதற்கான வழிதான்.

படி 1: விளம்பரத்தைப் பிரித்துப் படியுங்கள்

வேலை விளம்பரத்தை பிரின்ட் எடுத்து, அதில் என்னென்ன வேலை செய்யச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் அடிக்கோடு போடுங்கள். பில் போடுவது, வவுச்சர் பார்ப்பது, வாடிக்கையாளரிடம் பேசுவது, இப்படி நாலைந்து தேறும். கம்பெனி எதை வாங்கி எதை விற்கிறது என்று அவர்கள் வெப்சைட்டில் அரை மணி நேரம் பாருங்கள். நிறுவனர் பிறந்த ஊரெல்லாம் யாரும் கேட்பதில்லை.

படி 2: சொல்வதற்குச் சரக்கு சேருங்கள்

"எனக்கு அனுபவமே இல்லையே" என்பார்கள். வீட்டில் விசைப்படகு இருக்கும், கல்லூரிக் காலம் முழுக்கப் படகுக் கணக்கை அந்தப் பிள்ளைதான் எழுதியிருக்கும். டீசல் எவ்வளவு, ஐஸ் எவ்வளவு, கடலில் சாப்பாட்டுச் செலவு எவ்வளவு, ஏலத்தில் மீன் என்ன விலைக்குப் போனது, செலவு கழித்து யார் யாருக்கு எவ்வளவு பங்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் மரவேலை, பெயின்ட், இன்ஜின் மராமத்து என்று தனிக் கணக்கு. அக்கவுன்ட்ஸ் வேலைக்குப் போகிறவருக்கு இதைவிட என்ன அனுபவம் வேண்டும்?

இந்த மாதிரி மூன்று சம்பவங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் நாலே வரியில் எழுதுங்கள்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, நீங்கள் என்ன செய்தீர்கள், என்ன ஆனது. மூன்றாவது வரிதான் பெரிதாக இருக்க வேண்டும். அதில் "நாங்கள்" என்று வரக் கூடாது, "நான்" வர வேண்டும். நம் ஆட்களுக்கு "நான்" என்று சொல்லக் கூச்சம். ஆனால் அவர்கள் வேலைக்கு எடுக்கப்போவது குடும்பத்தை அல்ல.

படி 3: வாய்விட்டுச் சொல்லுங்கள்

என்னைப் படாதபாடு படுத்தியது இந்தப் படிதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

"உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்." பெரும்பாலும் இதுதான் முதல் கேள்வி. மனசுக்குள் சொல்லிப் பார்த்தால் பதில் வழுக்கிக்கொண்டு ஓடும். வாயைத் திறந்தால் இரண்டாவது வாக்கியத்திலேயே மூச்சு முட்டும், குரல் உள்ளே போய்விடும், நாக்கு அண்ணத்தில் ஒட்டும். மனசுக்குள் பத்து தடவை சொன்னாலும் வாய் ஒரு தடவைகூடச் சொல்லியிருக்காது. அதனால் பயிற்சி முழுக்கக் குரல் எழுப்பித்தான் நடக்க வேண்டும்.

வீட்டில் ஆள் நடமாட்டம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், கூச்சமாக இருக்கும். எனக்குக் கைகொடுத்தது அரியமான் கடற்கரை. வார நாளில் காலையில் போனால் ஆள் குறைவு. கச்சான் என்கிற மேல்காற்று அடிக்கும்போது சாதாரணக் குரல் உங்கள் காதுக்கே எட்டாது, தானாகச் சத்தம் கூடும். அந்தச் சத்தம் பழகிவிட்டால் ஏசி அறையில் குரல் அமுங்காது.

மனப்பாடம் செய்யாதீர்கள். மனப்பாடத்தில் ஒரு வார்த்தை நழுவினால் பின்னால் வருவதெல்லாம் சேர்ந்து போய்விடும். ஐந்து குறிப்புகளை மட்டும் நினைவில் வையுங்கள்: படிப்பு, வீட்டுத் தொழில், நான் செய்த வேலை, கற்றுக்கொண்டது, ஏன் இங்கே. ஒவ்வொரு முறையும் வேறு வேறு வார்த்தைகளில் வரட்டும். முதல் வாக்கியமும் கடைசி வாக்கியமும் மட்டும் மாறக் கூடாது. எனக்குத் தெரிந்து பலரும் தடுமாறுவது முடிக்கத் தெரியாமல்தான். "அப்புறம்... அவ்வளவுதான் சார்" என்று தேய்ந்துபோகும். ஒரு மாதிரி இதோ:

"பி.காம். முடித்திருக்கிறேன். வீட்டில் விசைப்படகுத் தொழில், மூன்று வருடம் படகுக் கணக்கு முழுவதையும் நான்தான் எழுதினேன். டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் கற்றுக்கொண்ட பிறகு அதையே டேலியில் ஏற்றினேன். பங்கு பிரிக்கும் நாளில் தகராறு குறைந்தது. உங்கள் விளம்பரத்தில் பில், வவுச்சர் வேலை என்று பார்த்தேன். அது எனக்குப் பழக்கமான வேலை என்பதால் விண்ணப்பித்தேன்."

நிதானமாகச் சொன்னாலும் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கருவி என்று பார்த்தால், போனிலேயே இருக்கும் வாய்ஸ் ரெக்கார்டர் போதும். இன்டர்வியூ பயிற்சி ஆப்கள் எனக்குப் பிடிக்காது. எல்லாம் ஒரே மாதிரி பொய்ப் பதிலைச் சொல்லித்தருகின்றன. தொடக்கத்திலேயே வீடியோ எடுக்காதீர்கள். முகத்தையும் தலைமுடியையும் பார்த்துக்கொண்டிருப்பீர்களே தவிர, பேச்சைக் கேட்க மாட்டீர்கள்.

படி 4: கேள்வி கேட்க ஓர் ஆள்

இன்டர்வியூ பற்றி ஒன்றும் தெரியாதவராக இருந்தால் நல்லது. என் சித்தப்பா கடலுக்குப் போகிறவர். அவரைக் கேட்கச் சொன்னேன்.

"சரி ஆத்தா, உன்னைப் பத்திச் சொல்லு."

பெயர், ஊர், பள்ளிக்கூடம் என்று ஆரம்பித்தேன்.

"பேரு ஊரெல்லாம் அவுக கையில இருக்க பேப்பர்லயே இருக்குமேத்தா. நீ என்ன வேலை பார்ப்ப, அதைச் சொல்லு."

எந்தப் பயிற்சி மையத்திலும் இதைவிட நல்ல திருத்தம் கிடைத்திருக்காது.

படி 5: பயணம்

சென்னை என்றால் சேது எக்ஸ்பிரஸ் அல்லது போட் மெயில் ரயில், ராத்திரி ஏறி காலையில் இறங்குவது. இன்டர்வியூ அன்று காலையில் போய் இறங்கும்படி டிக்கெட் போடாதீர்கள்; முந்தின நாளே போய்விடுங்கள். ராமேஸ்வரம் தீவிலிருந்து வருகிறவர்கள் ஐப்பசி, கார்த்திகையில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். காற்று கூடினால் பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திவைப்பார்கள். புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தாகிவிட்டது என்றாலும் காற்று காற்றுதான்.

ஃபைல், பட்டன் வைத்த பிளாஸ்டிக் வகை. ஜிப் வைத்தது வேண்டாம், நடுங்குகிற கையில் ஜிப் சிக்கும். ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் காட்டலாம், ஜெராக்ஸ் கொடுக்கலாம். ஒரிஜினலை "இங்கேயே இருக்கட்டும்" என்று கேட்கிற இடத்தில் நான் வேலைக்குச் சேர மாட்டேன்.

முடிந்தால் ஒரே பயணத்தில் இரண்டு இன்டர்வியூ வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் யார் கிளம்பினாலும் அப்துல் கலாம் கதையைச் சொல்லித்தான் அனுப்புவார்கள்: டேராடூனில் விமானப்படைத் தேர்வு, 25 பேரில் ஒன்பதாவது இடம், எடுத்தது எட்டுப் பேரை. அதோடு கதையை நிறுத்திவிடுவார்கள். அதே வடக்குப் பயணத்தில் அவர் டெல்லியில் பாதுகாப்புத் துறையின் இன்னொரு இன்டர்வியூவுக்கும் போயிருந்தார். வேலை கிடைத்தது அங்கேதான்.

படி 6: வெளியே காத்திருக்கும்போது

மூச்சை நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். வெளிமூச்சு நீண்டால் இதயத் துடிப்பு இறங்கும். ஐந்து நிமிடம் போதும். காபி வேண்டாம், ஏற்கனவே துடிக்கிற நெஞ்சை அது இன்னும் ஏற்றிவிடும். ஒரு மடக்குத் தண்ணீர் போதும்.

இன்னொன்று எனக்கு ரொம்ப உதவியது. நம் நடுக்கம் எதிரே இருப்பவருக்கு அப்படியே தெரிகிறது என்று நினைக்கிறோம். உண்மையில் நாம் நினைக்கும் அளவுக்குத் தெரிவதில்லை. சவிட்ஸ்கி, கிலோவிச் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், மேடையில் பேசப்போகிற மாணவர்களிடம் இந்த உண்மையை முன்கூட்டியே சொன்னார்கள். சொல்லப்பட்டவர்கள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசினார்கள். உங்களுக்கும் இப்போது சொல்லிவிட்டேன்.

படி 7: உள்ளே

கேள்வி புரியாவிட்டால் திருப்பிக் கேளுங்கள். "ஒரு நிமிஷம் யோசித்துச் சொல்கிறேன்" என்று சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஆங்கிலத்தில் சிக்கினால் "இதைத் தமிழில் சொல்லட்டுமா?" என்று கேட்டுவிடுங்கள், ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். சம்பளம் பேசும்போது பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) பிடித்தம் போகக் கையில் எவ்வளவு வரும் என்று கேளுங்கள். அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் உங்கள் பங்காகப் பிடிப்பார்கள். அறை வாடகை, மெஸ் கணக்கை வீட்டிலேயே போட்டுக்கொண்டு போனால், கேட்ட தொகைக்குத் தலையாட்டிவிட்டுப் பிறகு வருந்த வேண்டியிருக்காது.

பின்சேர்க்கை

இதைப் படித்துவிட்டு ஒரு தம்பி கேட்டது: "அப்பா என்ன செய்கிறார் என்றால் என்ன சொல்வது?" மீன்பிடித் தொழில் என்று நேராகச் சொல்லுங்கள். "சும்மா பிசினஸ்" என்று மழுப்பினால் அடுத்த கேள்வி "என்ன பிசினஸ்?" என்றுதான் வரும், அங்கே படபடப்பு இரட்டிப்பாகும்.

வீடியோ இன்டர்வியூ என்றால் மொட்டை மாடிக்குப் போகாதீர்கள். டவர் நன்றாகக் கிடைக்கும், ஆனால் மைக்கில் காற்று இரைச்சல் மட்டும்தான் கேட்கும். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஒயர் வைத்த இயர்போன் போடுங்கள், போனை அரிசி டப்பா மேல் கண் உயரத்துக்கு நிறுத்துங்கள். கோயிலில் திருவிழாவுக்கு ஒலிபெருக்கி கட்டியிருந்தால் முந்தின நாளே சொந்தக்காரர் வீட்டுக்கு இடம் மாறிவிடுங்கள். இணைப்பு அறுந்தால் கூப்பிட ஹெச்.ஆர். நம்பரைத் தாளில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள்.

கீழக்கரை, பெரியபட்டினம் பக்கமிருந்து வளைகுடா வேலை பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். தயாரிப்பு எல்லாம் இதேதான். ஆனால் போவதற்கு முன் அந்த ஏஜென்ட் பெயர் மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவானவர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணமே அதிகபட்சம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான். அதற்கு மேல் கேட்டாலோ, ரசீது தர மறுத்தாலோ அந்த இன்டர்வியூவுக்குப் பஸ் ஏறவே வேண்டாம்.