ஒயில் கூலர் பூட்டும்போது தெர்மோஸ்டாட்டை விட்டுவிடாதீர்கள்

திருகோணமலையிலிருந்து கட்டுக்குருந்தைப் பந்தயத் தடத்துக்குக் காரைக் கொண்டுபோய் வேகமாக ஓட்டுகிறவர்களுக்கு எஞ்சின் ஒயிலை வெளியே எடுத்துக் காற்றில் ஆறவிடும் வெளி ஒயில் கூலர் நல்லதுதான். ஆனால் எஞ்சினுக்கும் ஒயில் ஃபில்டருக்கும் இடையில் பூட்டும் அடாப்டரை, தெர்மோஸ்டாட் உள்ளதாகவே வாங்குங்கள். ஒயில் ஏறக்குறைய 80 பாகைக்குச் சூடான பிறகுதான் அது கூலருக்கு வழிவிடும். அது இல்லாவிட்டால், விடியற்காலையில் உவர்மலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வந்தாலும் ஒயில் தடித்தே நிற்கும்.

ஒயில் கூலருக்குப் போய்வரும் ஹோஸ் எங்கும் உரசக்கூடாது. என் காரில் ஒருமுறை விரலால் தடவிப் பார்த்தேன். மேல் றப்பர் தேய்ந்து பின்னல் கம்பி தெரிந்தது. நல்லவேளை, கசியவில்லை.

பூட்டியதும் எஞ்சினைச் சில நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஒயில் எவ்வளவு குறைந்திருக்கிறதோ அவ்வளவை ஊற்றுங்கள். அப்புறம், நம் கடற்காற்றின் உப்பு கூலரின் அலுமினியத் தகடுகளை அரிக்கும். கிழமைக்கு ஒருமுறை நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவுங்கள். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிவிடும்.