திட்டத்துக்கு முன் கள ஆய்வு: திருநெல்வேலியில் செய்ய வேண்டியவை

1914–15இல் சென்னை மாகாண நகரங்களை நடந்து பார்த்து அறிக்கை எழுதிய நகரமைப்பு அறிஞர் பேட்ரிக் கெடிஸ், ஆய்வு முதலில், திட்டம் பிறகு என்று வலியுறுத்தினார். தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971இன்படி முழுமைத் திட்டம் (மாஸ்டர் பிளான்) வரையும் இன்றைய நாளிலும் அந்த வரிசையை மாற்றக் கூடாது.

முதலில் நகர நில அளவை வரைபடத்தையும், ஊரகப் பகுதிகளுக்கு ஒவ்வொரு புல எண்ணின் எல்லையையும் காட்டும் புலப்படங்களையும் திரட்டி, செயற்கைக்கோள் படத்தோடு பொருத்தி அடிப்படை வரைபடம் ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு தெருத்தெருவாக நடந்து ஒவ்வொரு கட்டடத்தின் பயன்பாட்டையும் குறிக்க வேண்டும். டவுன் ரத வீதிகளில் கீழே கடையும் மேலே குடியிருப்பும் இருப்பது வழக்கம் என்பதால், மாடிக்கு மாடி தனித்தனியே எழுதாவிட்டால் அங்கே வசிப்பவர்கள் கணக்கிலிருந்தே மறைந்துவிடுவார்கள்.

வயல்களைக் குறிக்கும் காலம் மிக முக்கியம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என இரண்டு பருவங்கள் உண்டு. பிசான அறுவடை முடிந்த கோடையில் போய்ப் பார்ப்பவர் நன்செய் முழுவதையும் தரிசு என்று எழுதிவிடக் கூடும். அந்த ஒரு சொல்லே பின்னர் அந்த நிலம் மனைப்பிரிவாக மாறுவதற்கு வாதமாகிவிடும். ஆகவே பயிர் நிற்கும் காலத்தில் ஒரு முறையாவது பாருங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள அடங்கல் என்னும் பயிர்ப் பதிவேட்டையும் ஒப்பிடுங்கள்.

நீர்வழி ஆய்வுக்கு அதிக நாள் ஒதுக்குங்கள். சுத்தமல்லி அணைக்கட்டில் பிரியும் நெல்லைக் கால்வாய், பழவூர் அணைக்கட்டில் பிரியும் பாளையங்கால்வாய் போன்றவற்றைக் கரையோடு நடந்தே தொடர வேண்டும். மடை, உபரிநீர் வெளியேறும் மறுகால், கழிவுநீர் கலக்கும் இடம், மேலே கட்டப்பட்டு மூடிய பகுதி ஆகிய ஒவ்வொன்றையும் படத்தில் பதியுங்கள். 2023 டிசம்பர் 17, 18 பெருமழையில் வெள்ளம் புகுந்த சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம் போன்ற ஆற்றோரப் பகுதிகளில், வீட்டாரையே அழைத்து நீர் எட்டிய உயரத்தைச் சுவரில் காட்டச் சொல்லுங்கள். அதைச் சாலை மட்டத்திலிருந்து அளந்தால் போதாது, ஏனெனில் சாலையே அடுத்தடுத்து உயர்த்தப்படுகிறது; மட்டக்கருவி கொண்டு, கடல்மட்டத்திலிருந்து உயரம் அறியப்பட்ட நிலையான குறியோடு இணைக்க வேண்டும். இந்த அளவுகள் இல்லாமல் ஆற்றோரத்தில் கட்டட அனுமதி எல்லை வகுப்பது மக்களின் உயிரோடு விளையாடுவதாகும்.

வீட்டுக் கணக்கெடுப்பில், முழு நகரத்துக்கும் சேர்த்து ஒரு விகிதத்தை ஐந்து விழுக்காடு முன்பின்னாக அறிய, சமவாய்ப்பு முறையில் தேர்ந்த ஏறத்தாழ 384 வீடுகள் போதும். ஆனால் மேலப்பாளையத்தைப் பற்றித் தனியாக ஒரு முடிவு சொல்ல வேண்டுமானால் அங்கே மட்டுமே கிட்டத்தட்ட அத்தனை வீடுகள் தேவைப்படும். பூட்டிய வீட்டை விட்டுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகாமல், மாலையில் மீண்டும் வாருங்கள். இல்லாவிட்டால் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போகும் குடும்பங்கள் விடுபட்டுப் போகும்.

கேள்வியின் சொற்களிலும் கவனம் வேண்டும். வேலைக்குப் போகிறீர்களா என்று கேட்டால், நாள் முழுதும் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் பெண், “இல்லம்மா, வீட்லதான் இருக்கேன்” என்றே பதில் சொல்வார். பீடி சுற்றுகிறீர்களா, இலை வாங்கவும் சுற்றியதைக் கொடுக்கவும் எவ்வளவு தூரம் போகிறீர்கள் என்று நேராகக் கேளுங்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள திண்ணை அவருக்குப் பணியிடம். தெருவை அகலப்படுத்தும் திட்டம் அதைத்தான் முதலில் எடுக்கும். இந்தக் கேள்விகளைப் பெண் களப்பணியாளர் கேட்பது நல்லது.

வண்ணார்பேட்டை, சந்திப்பு ஆகிய இடங்களில் போக்குவரத்தை வாரநாளில் எண்ணுங்கள். ஆனித் தேரோட்ட நாள்களைத் தனியே எண்ணி வையுங்கள்.

குடியிருப்புக்கு மஞ்சள், வணிகத்துக்கு நீலம், வேளாண்மைக்குப் பச்சை என நிறமிட்ட வரைவுப் படத்தை, திட்டம் வரையத் தொடங்கும் முன்பே அந்தந்த வார்டில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். அவர்கள் சுட்டும் ஒவ்வொரு பிழையையும் தேதியோடு பதிவேட்டில் எழுதி, அந்த இடத்துக்கு மறுபடி சென்று சரிபார்த்த பிறகே படத்தைத் திருத்துங்கள்.