ஆங்கிலப் பேச்சைப் பக்குவமாக முடிக்க

தஞ்சைப் பெரிய கோயிலிலும், 2004இல் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமான தாராசுரம் கோயிலிலும் வெளிநாட்டுப் பயணிகளோடு ஆர்வமாக ஆங்கிலம் பேசத் தொடங்கும் நம் மாணவர்கள், பேச்சை முடிக்கத் தெரியாமல் ‘ஓகே, பை’ என்று சட்டென விலகுவது எதிரிலிருப்பவருக்கு முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். முதலில் ‘இட் வாஸ் லவ்லி டாக்கிங் டு யூ’ என்று சொல்லுங்கள். இறந்த காலத்தில் சொல்வதே பேச்சு முடிகிறது என்பதை உணர்த்திவிடும். அடுத்து, ‘ஐ ஷுட் கெட் கோயிங், மை பஸ் டு கும்பகோணம் இஸ் அட் ஃபைவ்’ என்பதுபோல் உண்மையான காரணத்தைச் சுருக்கமாகச் சேர்த்தால் போதும். அவர் பேசிக்கொண்டே இருந்தால், சற்று நிறுத்தும் இடைவெளியில் ‘ஐ வோன்ட் கீப் யூ எனி லாங்கர்’ என்பது, அவருடைய நேரத்தை மதிப்பதாகவும் அமைவதால், எனக்கு மிகவும் பிடித்த வழி. ‘என்ஜாய் த ரெஸ்ட் ஆஃப் யுவர் ட்ரிப்’ என்று வாழ்த்தியபின் புதிய கேள்வி எதையும் எழுப்பாமல் புறப்படுங்கள்.