பரண்மேல் கிடக்கும் துப்பாக்கி: தொடங்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூர்ப் பக்கத்தில் பழைய துப்பாக்கிமேல் ஆசை வர இரண்டு காரணங்கள் உண்டு. கோட்டையைச் சுற்றிப் பார்த்து 1806 சிப்பாய்ப் புரட்சியைப் படித்தவர்களுக்கு, அந்தச் சிப்பாய்கள் குழலின் வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் கெட்டித்துச் சுட்ட துப்பாக்கியை ஒருமுறையாவது தொட்டுப் பார்க்கத் தோன்றும். ஜவ்வாது மலையடிவாரத்துக்காரர்களுக்கு அது வரலாறு இல்லை, தாத்தா வீட்டுப் பரணில் சாக்கு சுற்றிக் கிடக்கும் சாமான். இரண்டு பேரும் செய்யும் முதல் தவறு ஒன்றேதான்: எடுத்த எடுப்பில் துப்பாக்கியைத் தேடுவது. முதலில் விஷயம் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், அப்புறம் காகிதத்தைச் சரிசெய்ய வேண்டும், துப்பாக்கி கடைசியில்தான்.

காகிதத்தில் எல்லாரும் வழுக்கி விழும் இடம், “நூறு வருசத்துப் பழசு, இதுக்குப் போய் லைசென்ஸ் கேப்பாங்களா?” என்ற நினைப்பு. கேட்பார்கள். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பழைய ஆயுதத்துக்கு விலக்கு தருவது உண்மை. ஆனால் பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாதது என்றால்தான் அந்த விலக்கு. ஒரு சுத்தியல் அடியில் சரியாகிவிடும் துப்பாக்கி, சட்டத்தின் கண்ணில் துப்பாக்கிதான். தாத்தாவுக்கு லைசென்ஸ் இருந்ததும் பேரனுக்கு உதவாது. உரிமதாரர் இறந்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயரில் மனுப்போட வேண்டும். ‘அப்படியே இருக்கட்டும்’ என்று பரணில் விட்டதுதான் பல வீடுகளில் வழக்காக முடிகிறது.

மனுவை எங்கே கொடுப்பது என்பதிலும் குழப்பம் உண்டு. 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றானபின் ஆற்காட்டுக்காரர் ராணிப்பேட்டை ஆட்சியரிடம் போக வேண்டும், ஆம்பூர்க்காரர் திருப்பத்தூர் ஆட்சியரிடம். சத்துவாச்சாரியில் உள்ள வேலூர் ஆட்சியர் அலுவலகத்தில் வந்து நின்று பயனில்லை. ஜவ்வாது மலைக்காரர்கள் பாடு இன்னும் வேடிக்கை: மலை ஒன்று, ஆனால் பீஞ்சமந்தைக்கு வேலூர், ஜமுனாமரத்தூருக்குத் திருவண்ணாமலை, புதூர்நாட்டுக்குத் திருப்பத்தூர். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். ஆயுதங்களைப் பாதுகாப்பாகக் கையாளும் பயிற்சிச் சான்றும் மருத்துவச் சான்றும் கேட்பார்கள்.

மனுவில் காரணம் எழுதும் இடத்தில்தான் கெட்டிக்காரத்தனம் காட்டுகிறார்கள். உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்கு மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு உரிமம் தரலாம் என்று சட்டமே சொல்வதால், விளையாட்டாகச் சுட விரும்புபவரும் ‘பயிர்ப் பாதுகாப்பு’ என்று எழுதிவிடுகிறார். அது பொய்யான காரணம் என்பது ஒருபுறம். இன்னொருபுறம், அந்த உரிமத்தை வைத்துக்கொண்டு காட்டுப்பன்றியைச் சுடலாம் என்று நம்பிவிடுகிறார்கள். 2025 தொடக்கத்தில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டில்கூட, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வரும் பன்றிகளைச் சுடும் வேலை வனத்துறையினருடையது. விவசாயி சுட்டால் 1972ஆம் ஆண்டு வன உயிரினச் சட்டம் காத்திருக்கிறது. லைசென்ஸ் இருக்கிறதே என்று பாலாற்று மணலிலோ வறண்ட ஏரியிலோ போய்ப் பாட்டிலைக் குறிவைப்பதும் கூடாது. சுடுதளம் என்று ஒன்று இருப்பது இதற்காகத்தான்.

சரி, மருந்துக்கு வருவோம். உயிர் போகும் தவறு இங்கேதான் நடக்கிறது. இந்தத் துப்பாக்கிகள் கரிமருந்து என்ற பழைய கறுப்பு வெடிமருந்துக்கு என்றே வடிவமைக்கப்பட்டவை. ‘12 போர்’ (bore, குழல் அளவு) ஷாட்கன் தோட்டாவைப் பிரித்து அதிலிருக்கும் புகையில்லா நவீன மருந்தைப் போட்டால், குழல் தாங்காத அழுத்தம் எழும். பட்டாசைப் பிரித்து எடுக்கும் மருந்து இன்னும் மோசம். குடியாத்தம் பக்கம் கைக்கெட்டும் தீப்பெட்டி மருந்தோ உரசினாலே பற்றும். அதைக் கம்பியால் இடித்துக் கெட்டிப்பவர் கை அவருடையதாக இருக்காது. வீட்டிலேயே கரிமருந்து அரைப்பதும் குற்றம், ஆபத்து. உரிமத்தில் எழுதிய அளவுக்கு, உரிமம் பெற்ற கடையில் வாங்குவதைத் தவிர வேறு வழி கிடையாது. பால்ரஸ் குண்டு போடுவதும் அப்படித்தான். எஃகு உருண்டை குழலின் உட்புறத்தைக் கீறும், கல்லில் பட்டால் எந்தப் பக்கம் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. ஈயம் மிருதுவானது என்பதால்தான் அத்தனை காலம் ஈயக் குண்டு போட்டார்கள்.

கெட்டிப்பதில் மூன்று விஷயம். மருந்துக் குடுவையிலிருந்து நேராகக் குழலுக்குள் கொட்டாதீர்கள். முன்பு சுட்டதில் ஒரு கங்கு மிச்சமிருந்தால் குடுவையே கையில் வெடிக்கும். அளவுக் குப்பியில் ஊற்றிக்கொண்டு குப்பியிலிருந்துதான் போட வேண்டும். குண்டு மருந்தின்மேல் நன்றாக உட்கார வேண்டும், நடுவில் இடைவெளி இருந்தால் குழல் புடைக்கும், வெடிக்கவும் செய்யும். இதற்கு இடிக்கும் கம்பியிலேயே இரண்டு கோடு போட்டுக்கொள்வார்கள்: காலிக் குழலுக்கு ஒன்று, கெட்டித்த குழலுக்கு ஒன்று. கம்பியை விட்டால் எந்தக் கோடு வாயோரம் நிற்கிறது என்று பார்த்தே உள்ளே இருப்பதைச் சொல்லிவிடலாம். மூன்றாவது, விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் உடனே திருப்பிப் பார்க்காதீர்கள். இலக்கைப் பார்த்தபடியே ஒரு நிமிடத்துக்குக் குறையாமல் பிடித்திருங்கள், சில சமயம் தாமதித்து வெடிக்கும்.

பரண் துப்பாக்கியைப் பற்றி என் கருத்து கறாரானது. அதைச் சுடாதீர்கள். உள்ளே எவ்வளவு துரு அரித்திருக்கிறது என்று வெளியே தெரியாது. பல துப்பாக்கிகள் கெட்டித்தபடியே வைக்கப்பட்டவை, ஈரம் படாத கரிமருந்து பத்தாண்டுகள் கழித்தும் பற்றும். நோண்டாமல், வாயைக் குழலில் வைத்து ஊதிப் பார்க்காமல், காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லுங்கள். கொல்லன் பட்டறையில் கொடுத்துப் ‘பழுது’ பார்ப்பது கொடுத்தவரையும் செய்தவரையும் சேர்த்து உள்ளே தள்ளும்.

ஆட்களைத் தேடுவதில் நடக்கும் தவறு, மருந்துத் துப்பாக்கிக்கென்றே ஒரு கூட்டம் ஊரில் இருக்கும் என்று எதிர்பார்ப்பது. நம் ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் ஏர் ரைபிள், பாயிண்ட் 22 ரைபிள், ஷாட்கன். அதனால் மாநிலத் துப்பாக்கி சுடும் சங்கத்தோடு இணைந்த ஒரு கிளப்பில் ஏர் ரைபிளில் தொடங்குவதே நல்லது. குழல் விட்டம் 4.5 மில்லிமீட்டர், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டது என்றால் உரிமமும் தேவையில்லை. மூச்சை அடக்கவும் விசையை மெல்ல இழுக்கவும் அங்கேயே பழகிவிடலாம். அங்கே வரும் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கம்மவான்பேட்டை மாதிரி வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் உள்ள ஊர்கள் இருக்கும் மாவட்டம் இது, ஒழுங்காகத் துப்பாக்கி பிடித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. நரிக்குறவர் பெரியவர்களுக்கு இந்தத் துப்பாக்கி பற்றித் தெரிந்தது நூலில் கிடைக்காது. ஆனால் கதை கேட்கப் போங்கள், துப்பாக்கி விலைக்குக் கேட்காதீர்கள், அவர்களையும் சிக்கலில் மாட்டிவிடுவீர்கள். வாட்ஸ்அப் குழுவில் ‘ஒரிஜினல் பீஸ் இருக்கு’ என்று படம் போடுபவரை விட்டு அன்றைக்கே விலகுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து வேகத்தில் மயங்குபவர்களும் உண்டு. இந்தத் துப்பாக்கிகளுக்கான உலகப் போட்டியில் 13 முறை சுட 30 நிமிடம் தருகிறார்கள், அதில் சிறந்த 10 மட்டுமே கணக்கு. அவசரத்துக்கு அங்கேயே இடமில்லை.

சுத்தம் செய்ய எண்ணெயை மட்டும் நம்ப வேண்டாம். கரிமருந்துக் கசடு ஈரத்தை இழுத்துத் துருவேற்றும், ஆனால் தண்ணீரில் கரையும். அன்றன்றே வெந்நீரால் கழுவி, நன்றாக உலர்த்தி, அதன் பிறகு எண்ணெய் பூசுங்கள். தேர்தல் அறிவித்து, ஒப்படைக்கச் சொல்லி உத்தரவு வந்தால் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் கொடுத்துவிட்டு ரசீதை வாங்கி உரிமப் புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.