ஸ்டேர்லிஃப்ட் வாங்கும் முன்: படியை மட்டும் அளந்தால் போதாது

வீட்டில் ஒருவருக்கு மாடி ஏற முடியவில்லை என்றதும் ஸ்டேர்லிஃப்ட், அதாவது படிக்கட்டோரம் பொருத்திய ரெயிலில் ஆளை உட்காரவைத்து ஏற்றி இறக்கும் மோட்டார் இருக்கை, வாங்கலாம் என்று டேப்பை எடுத்துக்கொண்டு படிக்கட்டுக்குத்தான் ஓடுகிறோம். எத்தனை படி, எவ்வளவு அகலம், எங்கே திரும்புகிறது என்று எல்லாவற்றையும் குறித்துக்கொள்கிறோம். அது தேவைதான். ஆனால் அந்த இருக்கையில் தினமும் உட்காரப்போகிறவரை யாரும் அளப்பதில்லை. வாங்கிய பிறகு வரும் புலம்பல்கள் பலவும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

ஸ்டேர்லிஃப்டில் பயணம் பெரிய விஷயமே இல்லை. இஎன் 81-40 என்ற ஐரோப்பியத் தரவிதி வேகத்தை விநாடிக்கு 0.15 மீட்டருக்குள் கட்டுப்படுத்துகிறது, அதாவது நடப்பதைவிட மெதுவு. ஏறி உட்காருவதுதான் சிரமம், மேலே போய் இறங்குவது அதைவிடச் சிரமம். மேலே நின்றதும் இருக்கை மாடித் தளத்தின் பக்கம் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். திருப்பாமல் எழுந்தால் கால் படி விளிம்பில் விழும், பக்கத்திலேயே மொத்தப் படிக்கட்டும் பள்ளமாகக் கிடக்கும். லீவரை அழுத்தி நாமே திருப்பும் இருக்கை உண்டு, மோட்டாரில் தானாகத் திரும்புவதும் உண்டு. முதலாவது விலை குறைவு என்று அதையே எடுத்துவிடுகிறோம். இடுப்பு வலியோ முழங்கால் வலியோ உள்ளவரால் காலை ஊன்றி உடம்போடு சேர்த்து இருக்கையைத் திருப்ப முடியாது. நாலு நாள் முயன்று பார்த்துவிட்டு, அப்புறம் திருப்பாமலேயே இறங்கத் தொடங்கிவிடுவார். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடியுங்கள், இதில் வேண்டாம். ரெயில் கடைசிப் படியோடு நிற்காமல் தளம் வரை கொஞ்சம் நீளுமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

படத்தைப் பார்த்து ஆர்டர் கொடுப்பது அடுத்த தவறு. பயன்படுத்தப்போகிறவரே ஒருமுறை உட்கார்ந்து பார்க்க வேண்டும், அதுவும் வீட்டில் போடும் அதே செருப்போடு. பாதம் கால் தட்டில் முழுதாக ஊன்றுகிறதா? கைப்பிடியைப் பிடித்துத் தானே எழ முடிகிறதா? குறுகலான படிக்கட்டில் உயரமானவருக்கு முழங்கால் எதிர்ச் சுவரில் இடிக்கும், அதனால் சாய்மானத்திலிருந்து முழங்கால் நுனி வரை அளந்துகொள்ளுங்கள். முழங்கால் மடங்கவே மடங்காது என்றால் பாதி நின்றபடி சாய்ந்து போகும் வகையும் இருக்கிறது. ஆனால் அதற்கு நிற்கத் தெம்பு வேண்டும். பல மாடல்கள் 120 முதல் 140 கிலோ வரைதான் தாங்கும், அதற்கு மேல் என்றால் தனி மாடல் பார்க்க வேண்டும்.

சுவிட்சை யாரும் கவனிப்பதில்லை. அழுத்திக்கொண்டே இருந்தால்தான் வண்டி நகரும், கையை எடுத்தால் நின்றுவிடும். பாதுகாப்புக்காகத்தான் அப்படி வைத்திருக்கிறார்கள். பக்கவாதத்தில் வலது கை விழுந்தவருக்கு வலது கைப்பிடியில் சுவிட்ச் வைத்து என்ன பிரயோஜனம்?

சுவர் தாங்குமா என்று கவலைப்படுபவர்கள் நிறைய. ரெயிலைப் பெரும்பாலும் படிகளில்தான் திருகுவார்கள், அதனால் படி உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். நேர் ரெயிலை வெட்டி வேறு வீட்டுக்கும் பொருத்தலாம், வாடகைக்கும் கிடைப்பதுண்டு. வளைவு ரெயில் அப்படி இல்லை. அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி அது அந்தப் படிக்கட்டுக்கு மட்டும்தான். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கினால் இருக்கை மட்டும்தான் மிஞ்சும். வளைவைத் தவிர்க்க இரண்டு நேர் லிஃப்ட் போட்டு, நடுத் தளத்தில் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறச் சொல்வதும் உண்டு. சிரமமான அந்த ஏறி இறங்கும் வேலை அதில் இரட்டிப்பாகிவிடும்.

கீழே ரெயில் நுனி கதவை மறித்தாலோ நடைபாதையில் நீட்டிக்கொண்டிருந்தாலோ மற்றவர்கள் தடுக்கி விழுவார்கள். மடக்கும் ரெயில் அதற்குத்தான். கரண்ட் போனால் நடுவில் மாட்டிக்கொள்வோமோ என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லை, இன்றைய மாடல்கள் பேட்டரியில்தான் ஓடுகின்றன. ஆனால் பலவற்றில் ரெயிலின் இரு முனைகளில் மட்டுமே சார்ஜ் ஏறும். பெருக்க வசதியாக இருக்கட்டும் என்று பாதி வழியில் நிறுத்திவிட்டு மறந்தால் பேட்டரி காலியாகிவிடும்.

வாக்கரில் நடப்பவருக்கு மேலே இன்னொரு வாக்கர் வேண்டும். இதை யோசிக்காமல் ஆளை மாடியில் இறக்கிவிட்டுத் தவிக்கும் வீடுகள் உண்டு. வீல்சேரிலிருந்து இருக்கைக்கு மாறி உட்கார முடியாதவருக்கு ஸ்டேர்லிஃப்டே சரிப்படாது, வீல்சேரோடு ஏறும் மேடை லிஃப்டோ வீட்டு லிஃப்டோதான் பார்க்க வேண்டும். மறதி நோய் முற்றியவர் பாதி வழியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழக்கூடும், அவரைத் தனியாக அனுப்பவே கூடாது. பார்கின்சன் போல நாளாக நாளாகக் கூடும் நோய் என்றால், இன்று முடிவதை வைத்து மட்டும் வாங்காமல் பிசியோதெரபிஸ்டிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். இன்னும் ஒரு வருடத்தில் அவரால் எழுந்து உட்கார முடியாது என்று தோன்றினால், வளைவு ரெயிலில் அவ்வளவு பணத்தைப் போடுவதைவிடக் கீழ்த்தளத்திலேயே ஒரு படுக்கையறையும் குளியலறையும் ஒழுங்கு செய்வது மேல்.

விற்பவரிடம் விலையைப் பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்: பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும், புது பேட்டரிக்கு என்ன செலவு, தேவை முடிந்தபின் ரெயிலைக் கழற்றித் திருகு ஓட்டைகளை அடைப்பது யார் பொறுப்பு. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.