தொண்டைக்குழாயில் சளி எடுப்பது எப்படி? வார்டுக்குப் புதிதாக வந்த நர்சுகளுக்கு

பாம்பன் பக்கம் கடல்பாசி எடுக்கப் போகும் ஓர் அக்காவிடமிருந்துதான் இந்த வேலையின் அடிப்படை எனக்குச் சரியாகப் பிடிபட்டது. அவர் கணவருக்குத் தலையில் அடி. வென்டிலேட்டரில் பல நாள் இருந்ததால் டிரக்கியாஸ்டமி செய்து, அதாவது தொண்டையில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் ஒரு டியூப் வைத்திருந்தார்கள். நான் சக்‌ஷன் போடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர் கேட்டார்: "அந்தக் குழாய் உள்ள போனதும் அவருக்கு மூச்சு இருக்காதுல்ல சிஸ்டர்? நாங்க தண்ணிக்குள்ள முங்குற மாதிரி."

அதேதான். சக்‌ஷன் கதீட்டர், அதாவது சளியை உறிஞ்ச உள்ளே விடும் மெல்லிய குழாய், சளியை மட்டும் உறிஞ்சுவதில்லை, நுரையீரலில் இருக்கும் காற்றையும் சேர்த்து உறிஞ்சுகிறது. போதாததற்கு, மூச்சு போகும் வழியில் பாதியை அதுவே அடைத்துக்கொள்கிறது. கீழே வரும் அளவு, அழுத்தம், நேரம் எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்து வந்தவைதான். காரணம் தெரிந்துவிட்டால் மனப்பாடம் செய்ய வேண்டியது குறைவு.

இது நர்சிங் மாணவர்களுக்கும் புதிய ஸ்டாஃப் நர்சுகளுக்கும் எழுதியது. முதல் சில தடவை சீனியர் சிஸ்டர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். உங்கள் வார்டில் எழுதி ஒட்டியிருக்கும் விதிமுறை வேறு மாதிரி இருந்தால் அதன்படி போங்கள்.

தேவையா என்று முதலில் பாருங்கள்

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருதடவை சக்‌ஷன்" என்று கடிகாரம் பார்த்துச் செய்யும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒவ்வொரு தடவையும் மூச்சுக்குழாயின் உள்தோல் உரசப்படுகிறது. நோயாளியைக் குறித்த நேரத்தில் பாருங்கள். சளி இருந்தால் எடுங்கள்.

எப்படித் தெரியும்? குழாய் வாயில் கொரகொர சத்தம் கேட்கும், சில சமயம் சளியே எட்டிப் பார்க்கும். மூச்சு வேகமாகும், ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவு (சாச்சுரேஷன்) இறங்கும். நெஞ்சில் கை வைத்தாலே அதிர்வு தெரியும். வென்டிலேட்டரில் இருப்பவருக்கு அழுத்தம் ஏறி அலாரம் அடிக்கும். நன்றாக இருமத் தெரிந்தவர் என்றால் முதலில் இருமச் சொல்லுங்கள். குழாய் வாய்வரை தானே வந்த சளியைத் துடைத்து எடுத்தால் போதும், உள்ளே போக வேண்டாம்.

கட்டிலருகே என்ன இருக்க வேண்டும்

சக்‌ஷன் கருவி, கதீட்டர், ஸ்டெரைல் கையுறை, மாஸ்க், கண்ணாடி, ஆக்ஸிஜன், அம்பு பேக் (கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பை), ஸ்டெதஸ்கோப், பல்ஸ் ஆக்சிமீட்டர், கழுவுவதற்கு ஸ்டெரைல் தண்ணீர். இவற்றை யாரும் மறப்பதில்லை. மறப்பது வேறு: அதே அளவில் ஒரு டிரக்கியாஸ்டமி டியூப், ஓர் அளவு சின்னதாக இன்னொன்று, அதை நுழைக்க உதவும் அப்டுரேட்டர், கஃபில் (டியூப்பைச் சுற்றியுள்ள சிறு பலூன்) இருந்து காற்றை எடுக்க 10 மில்லி சிரிஞ்சு. டியூப் கழன்று வந்துவிட்டால் ஸ்டோர் ரூமுக்கு ஓட நேரம் இருக்காது. அறுவை முடிந்த முதல் வாரத்தில் அந்தத் துளை இன்னும் படிந்திருக்காது. டியூப் வெளியே வந்தால் சட்டென்று மூடிக்கொள்ளும்.

கதீட்டரின் அளவில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். டியூப்பின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் கதீட்டர் அடைக்கக் கூடாது. மீதிப் பாதி காற்றுக்கு. டியூப்பை மில்லிமீட்டரில் சொல்கிறோம், கதீட்டரை பிரெஞ்சு அளவில் சொல்கிறோம். 3 பிரெஞ்சு என்றால் 1 மில்லிமீட்டர். ஆகவே டியூப் எண்ணை ஒன்றரையால் பெருக்குங்கள். 8 மி.மீ. டியூப்புக்கு 12. 7 மி.மீ. டியூப்புக்குப் பத்தரை வரும், 10 எடுங்கள். இடையில் வந்தால் எப்போதும் சின்னது. பத்து கறுப்பு, பன்னிரண்டு வெள்ளை, பதினாலு பச்சை என்று முனையின் நிறமே சொல்லிவிடும். "சளி கெட்டியா இருக்கு, பச்சையையே போடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். கெட்டிச் சளிக்கு வழி ஈரப்பதம், பெரிய கதீட்டர் அல்ல.

கருவியைப் போட்டு, ரப்பர் குழாயை மடித்துப் பிடித்து மீட்டரைப் பாருங்கள். பெரியவர்களுக்கு 80 முதல் 120 மி.மீ. பாதரசம். குழந்தைகளுக்கு 100-ஐத் தாண்ட வேண்டாம். மடிக்காமல் பார்த்தால் மீட்டர் குறைவாகக் காட்டும், அதை நம்பி ஏற்றிவிடுவீர்கள். கடலோரத்தில் இன்னொரு தொல்லை: உப்புக்காற்றில் ஆக்ஸிஜன் ரெகுலேட்டரின் திருகும் சக்‌ஷன் மீட்டரும் சீக்கிரம் துருப்பிடித்து இறுகிவிடும். டியூட்டி மாறும்போதே ஒருமுறை திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

இனி செய்முறை

கையைக் கழுவுங்கள். நோயாளி மயக்கத்தில் இருந்தாலும் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்: "அண்ணே, சளி எடுக்கப் போறேன். இருமல் வரும். பத்து எண்ணுறதுக்குள்ள முடிச்சிடுவேன்." அவரால் பேச முடியாது. குரல்நாணுக்குக் கீழேயே காற்று வெளியேறிவிடுகிறது. அதனால் நிறுத்தச் சொல்ல ஒரு சைகை பேசி வைத்துக்கொள்ளுங்கள். என் நோயாளிகள் கட்டிலை இரண்டு தட்டு தட்டுவார்கள்.

தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். ஆக்ஸிஜனிலோ வென்டிலேட்டரிலோ இருப்பவருக்கு அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரை நூறு சதவீத ஆக்ஸிஜன் கொடுங்கள். முங்குவதற்கு முன் நெஞ்சு நிறைய மூச்சு இழுப்பது போலத்தான் இது.

டியூப்பில் துளைகள் உள்ள வகை இருக்கிறது. அதில் துளையில்லாத உள்குழாயை (டியூப்புக்குள் மாட்டிக் கழற்றும் குழாய்) மாட்டிய பிறகே கதீட்டரை விடுங்கள். இல்லாவிட்டால் கதீட்டர் அந்தத் துளை வழியாக வெளியேறி மூச்சுக்குழாய்ச் சுவரில் இடிக்கும்.

இப்போது ஸ்டெரைல் கையுறை. எழுதும் கை சுத்தக் கை. அது கதீட்டரை மட்டும்தான் தொடும். மற்றக் கை ரப்பர் குழாய், கட்டைவிரல் துளை (கதீட்டரில் இதை மூடினால்தான் உறிஞ்சும்), வென்டிலேட்டர் இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். கொசு கடித்தாலும் சுத்தக் கையால் சொறியக் கூடாது.

எவ்வளவு தூரம் விடுவது? அதே அளவு மாற்று டியூப் இருக்கிறதல்லவா, அதன் நீளத்தை முன்பே அளந்து கட்டிலில் எழுதி ஒட்டுங்கள். டியூப் முனையைத் தாண்டி அரை முதல் ஒரு சென்டிமீட்டர் போதும். அளவு தெரியாத நிலையில் உள்ளே ஏதோ தட்டினாலோ இருமல் வந்தாலோ அங்கேயே நின்று, ஒரு சென்டிமீட்டர் பின்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போகும்போது கட்டைவிரல் துளை திறந்தே இருக்க வேண்டும். நான் சறுக்கியது இங்கேதான். முதல் மாத நைட் டியூட்டியில், பதற்றத்தில், துளையை மூடிக்கொண்டே கதீட்டரை இறக்கினேன். காற்றை உறிஞ்சிக்கொண்டே போயிருக்கிறது. சாச்சுரேஷன் 84-க்கு வந்தது, கதீட்டரில் ரத்தக்கீற்று. சீனியர் சிஸ்டர் திட்டவில்லை. என் கட்டைவிரலை மெதுவாகத் தூக்கிவிட்டார், அவ்வளவுதான். அந்தத் தொடுதல் இன்னும் விரலில் இருக்கிறது.

அளவுக்குப் போனதும் துளையை மூடி, நிதானமாக வெளியே இழுங்கள். உள்ளே வெளியே என்று குத்தக் கூடாது. உள்ளே விட்டதிலிருந்து வெளியே எடுக்கும்வரை 10 விநாடி. எந்த நிலையிலும் 15-ஐத் தாண்டக் கூடாது. கடிகாரம் பார்க்க முடியாதே என்றால், கதீட்டர் உள்ளே போகும்போது நீங்களும் மூச்சை அடக்குங்கள். உங்களுக்கு முட்டும் முன்பே அவருக்கு முட்டிவிடும். நீங்கள் நல்ல நுரையீரலோடு நிற்கிறீர்கள், அவர் அப்படி இல்லை.

உடனே ஆக்ஸிஜனை மாட்டுங்கள். மானிட்டரைப் பாருங்கள். சாச்சுரேஷன் மட்டும் போதாது, நாடித்துடிப்பையும் பாருங்கள். கதீட்டர் உரசும்போது வேகஸ் நரம்பு தூண்டப்பட்டு இதயத்துடிப்பு சட்டென்று குறையலாம். குறைந்தால் நிறுத்திவிட்டு ஆக்ஸிஜன் கொடுங்கள், டாக்டரைக் கூப்பிடுங்கள். எல்லாம் பழைய நிலைக்கு வந்தபிறகு, இன்னும் சளி இருந்தால் அடுத்த முறை. ஒரே அமர்வில் மூன்று முறைக்கு மேல் வேண்டாம்.

சளியை இளக்குகிறேன் என்று ஒவ்வொரு தடவையும் சலைன் ஊற்றுவதை விட்டுவிடுங்கள். அது சளியோடு நன்றாகக் கலப்பதில்லை. ஊற்றியதில் ஒரு பகுதி உள்ளேயே தங்கி, சாச்சுரேஷனைத்தான் இறக்கும்.

வாயில் தேங்கிய எச்சிலைக் கடைசியில் எடுங்கள். வாய்க்குப் போன கதீட்டர் மறுபடி தொண்டைக்குழாய்க்குப் போகக் கூடாது. கதீட்டரைக் கையுறைக்குள்ளேயே சுருட்டி சிவப்புப் பையில் போடுங்கள். சளியின் நிறம், அளவு, கெட்டித்தன்மை, அவர் தாங்கிய விதம் நான்கையும் குறிப்பேட்டில் எழுதுங்கள்.

கதீட்டர் இறங்கவே இல்லையா?

தள்ளாதீர்கள். இது அவசரநிலை, முதலில் ஆள் கூப்பிடுங்கள். உள்குழாய் இருந்தால் கழற்றுங்கள், அடைப்பு பெரும்பாலும் அதில்தான் இருக்கும். கழற்றியும் இறங்கவில்லை என்றால் டியூப்பே அடைத்திருக்கலாம், இடம் மாறியும் இருக்கலாம். கஃபின் காற்றை எடுங்கள், முகத்திலும் தொண்டைத் துளையிலும் இரண்டு பக்கமும் ஆக்ஸிஜன் கொடுங்கள். பளிச்சென்று சிவப்பாக ரத்தம் வந்தாலும், இளஞ்சிவப்பு நுரை வந்தாலும் உடனே டாக்டர் வர வேண்டும்.

வீட்டுக்குப் போகிறவருக்கு

ராமேஸ்வரத்திலிருந்து ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். நடுவில் சளி அடைத்தால் வீட்டார் கைதான் உதவும். ஆகவே டிஸ்சார்ஜுக்கு முன் ஒருவருக்கு இல்லை, இரண்டு பேருக்குக் கற்றுக்கொடுங்கள். ஒருவர் கடலுக்குப் போயிருப்பார். உங்கள் முன்னாலேயே அவர்களைச் செய்ய வையுங்கள். அந்தப் பாசி எடுக்கும் அக்கா இரண்டாவது தடவையே சரியாகச் செய்தார். மூச்சடக்கச் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை.

ஆடியில் கச்சான் காற்று அடிக்கும்போது மணலும் பறக்கும், சளியும் காய்ந்து பொருக்காகும். மூக்கு செய்யும் ஈரப்படுத்தும் வேலை இவருக்கு இல்லை. தொண்டைத் துளைக்கு ஈரம் காக்கும் மூடியோ, அது இல்லாவிட்டால் நூல் பிரியாத மெல்லிய ஈரத்துணியோ போடச் சொல்லுங்கள். கதீட்டர் கழுவ உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். குடிதண்ணீரைக் கொதிக்க வைத்து ஆற்றியது.

ஐப்பசி, கார்த்திகையில் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. பேட்டரி உள்ள கருவி என்றாலும், காலால் மிதிக்கும் சக்‌ஷன் பம்பு ஒன்று கட்டிலுக்கு அடியில் இருக்கட்டும். வாரம் ஒருமுறை, கரண்ட் இருக்கும்போதே, அதை மிதித்து ஒரு டம்ளர் தண்ணீரை உறிஞ்சிப் பார்க்கச் சொல்லுங்கள்.