4கே டிஸ்க் பாதியில் நின்றால்: சரிசெய்வதும், அடுத்த வடிவத்திடம் கேட்க வேண்டியதும்

4கே படங்கள் வரும் புளூ-ரே வகை டிஸ்க் ஓடும்போது நின்றால், படம் எந்த நிமிடத்தில் உறைந்தது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அழுக்கு எங்கே என்பதை அதுவே காட்டிக்கொடுக்கும்.

100 ஜிபி டிஸ்கில் மூன்று அடுக்குகள். முதல் அடுக்கை லேசர் மையத்திலிருந்து விளிம்பு நோக்கிப் படிக்கும், இரண்டாவதை விளிம்பிலிருந்து மையத்துக்கு, மூன்றாவதை மறுபடி விளிம்பு நோக்கி. டிஸ்க் முழுக்கப் படம் நிறைந்திருந்தால், மூன்றில் ஒரு பங்கில் நிற்பது வெளிவிளிம்புக் கோளாறு; மூன்றில் இரண்டு பங்கில் நிற்பது மையத்தை ஒட்டியது. 66 ஜிபியில் அடுக்கு இரண்டுதான். நடுவில் நின்றால் விளிம்பைப் பாருங்கள். டிஸ்கை எடுக்கும்போது விரல் படுவதும் அங்கேதான்.

விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் கைரேகையோ மங்கலான படலமோ தெரியும். வெதுவெதுப்பான நீரில் நனைத்து, பாத்திரம் கழுவும் திரவம் ஒரு துளி விட்டு விரல் நுனியால் மெல்லத் தடவி அலசுங்கள். மைக்ரோஃபைபர் துணியால், மையத்திலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்க்கவே கூடாது. வட்டக் கீறல் தடத்தின் போக்கிலேயே விழுந்து, அடுத்தடுத்த தரவை மொத்தமாகக் கெடுக்கும். பிளேயர் விடுபட்ட தரவைத் தானே மீட்கும் பிழைதிருத்தத்தால் குறுக்குக் கீறலைச் சமாளிக்க முடியும், இதை முடியாது. தின்னர், சூடான காற்று இரண்டும் வேண்டாம்.

டிவிடிக்குப் போடும் பாலிஷும் வேண்டாம். டிவிடியில் தரவு 0.6 மி.மீ. ஆழத்தில் இருக்கிறது, தேய்க்க இடமுண்டு. புளூ-ரே வகையில் மூடியிருப்பது சுமார் 0.1 மி.மீ. மட்டுமே, பாலிஷ் போட்டால் முதலில் போவது அதன் மேலுள்ள கடினப் பூச்சு.

கழுவிய பிறகும் அதே நிமிடத்தில் நின்றால் வேறு பிளேயரில் போடுங்கள். அங்கும் அதே இடம் என்றால் டிஸ்கை மாற்றித்தரக் கேளுங்கள். அங்கே ஓடினால், முதல் பிளேயரின் ஃபர்ம்வேரை, அதாவது அதை இயக்கும் உள்மென்பொருளை, புதுப்பித்துப் பாருங்கள். பிறகும் நின்றால் லென்ஸைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த வடிவம் எப்படி இருக்க வேண்டும் என்று யாராவது கேட்டால், 8கே படத்தரத்துக்கு முன்னால் இந்த 0.1 மி.மீ. பற்றி எழுதுங்கள். 405 நானோமீட்டர் லேசரும் 0.85 துளை எண் (ஒளியை எவ்வளவு சிறிய புள்ளியாகக் குவிக்கும் என்பதன் அளவு) கொண்ட லென்ஸும் சேர்ந்துதான் தரவை இவ்வளவு நெருக்கமாகப் படிக்கின்றன. அந்த லென்ஸுடன் மூடுபடலம் தடித்தால், டிஸ்க் சற்றுச் சாய்ந்தாலே ஒளிப்புள்ளி கலைந்துவிடும். அதனால்தான் இத்தனை மெல்லிசு. இன்னும் நெருக்கமாகப் பதிந்தால் ஒரு கைரேகை மறைக்கும் தரவும் கூடும். ஆகவே கேட்க வேண்டியது உறை. 2003இல் வந்த முதல் புளூ-ரே பதிவு டிஸ்குகள் பிளாஸ்டிக் கூட்டுக்குள்தான் இருந்தன; கடினப் பூச்சு வந்ததும் அதைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கூடு திரும்ப வேண்டும், பிளேயருக்குள் போன பிறகே திறக்கும் கதவோடு.

கூடவே இரண்டு: 4கே டிஸ்குகளில் இல்லாத பிராந்தியப் பூட்டு (ஒரு பகுதியில் விற்ற டிஸ்க் வேறு பகுதி பிளேயரில் ஓடாதபடி செய்வது) திரும்ப வரக்கூடாது, எந்த டிஸ்கும் ஓடுவதற்கு இணையத்தை நம்பியிருக்கக்கூடாது. இணையத்தில் சாவி கேட்கும் டிஸ்க், அந்தச் சேவை நிற்கும் நாளில் அலமாரியிலேயே செத்துவிடும்.